திரையை மறந்துபோகும் கணினி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ற வாரம் எங்கள் கூடத்துக் கணினியின் விசிறியை மாற்றினேன். ஆறு ஆண்டுகளாகச் சத்தமே தெரியாமல் சுழன்ற 120 மில்லிமீட்டர் விசிறி, பேரிங் தேய்ந்து, படத்தில் யாரும் பேசாத காட்சிகளில் கரகரக்கத் தொடங்கியிருந்தது. திருகுகளைக் கழற்றித் தூசி தட்டிப் புதியதைப் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வேலையில் இருந்தபோதுதான் நண்பர் ஒருவர் அழைத்து, படம் பார்ப்பதற்கென்றே ஒரு கணினியை அசெம்பிள் செய்ய நினைப்பதாகவும், என்னிடம் இருப்பதைப் போலவே பாகங்களை வாங்கலாமா என்றும் கேட்டார். பட்டியலை அனுப்புவது எளிது. அந்தப் பாகங்களோடு ஆறு ஆண்டுகள் குடும்பம் நடத்தியதில் தெரிந்துகொண்டவை அந்தப் பட்டியலில் இருக்காது என்பதால் அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

பாகங்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ3 செயலி, 8 ஜி.பி. ரேம், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.; தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட லிப்ரெஎலெக் என்ற இயங்குதளம், அதற்குள் படங்களை ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருள். 4கே படங்களைச் சுருக்கிவைக்கப் பயன்படும் 10 பிட் எச்.இ.வி.சி. வடிவ வீடியோவை ஏழாம் தலைமுறையிலிருந்தே இன்டெல் செயலிகள் வன்பொருளிலேயே விரித்துவிடுவதால், 4கே படம் ஓடும்போதுகூடச் செயலி ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. ஏவி1 என்ற இன்னொரு சுருக்க வடிவம் வந்தால் மட்டும் அது திணறும். அந்த வடிவத்துக்கான வன்பொருள் வசதி பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது. ஹார்ட் டிஸ்க்குகளைக் கூடத்தில் வைக்கவே கூடாது என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்து, அவற்றை வேறொரு அறைக்கு மாற்றி, நெட்வொர்க் கேபிள் வழியாகப் படங்களை எடுக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 4கே ப்ளூ-ரே வட்டின் தரவு வேகம் வினாடிக்கு 128 மெகாபிட் வரை போகக்கூடும். ஆகவே 100 மெகாபிட் போர்ட் உள்ள எந்தப் பெட்டியும் கனமான காட்சிகளில் நின்று நின்றுதான் ஓடும்; கிகாபிட் போர்ட் கட்டாயம் தேவை.

செயலியை ஆராய்ந்து ஆராய்ந்து வாங்குகிறவர்கள்கூட மதர்போர்டில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. எந்தப் பதிப்பு என்று பார்ப்பதில்லை. இந்தத் தலைமுறைச் செயலிகள் தாமாகத் தரக்கூடியது 1.4 பதிப்பு மட்டுமே. அதில் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது வினாடிக்கு 30 முறைக்கு மேல், அனுப்ப இயலாது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகைத் திரை இணைப்பின் சிக்னலை எச்.டி.எம்.ஐ. 2.0 ஆக மாற்றும் தனிச் சில்லு ஒன்றை மதர்போர்டு தயாரிப்பாளர் பொருத்தியிருந்தால்தான் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரே செயலி, ஒரே சிப்செட், பார்வைக்கு ஒரேபோல இருக்கும் இரண்டு மதர்போர்டுகளில் ஒன்றில் அந்தச் சில்லு இருக்கும், மற்றதில் இருக்காது. விவரக்குறிப்பைக் கடைசி வரிவரை படித்து வாங்கியதற்காக இன்றும் மகிழ்கிறேன்.

நான் எதிர்பாராத பெரிய மகிழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். திரைப்படங்கள் வினாடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகின்றன. வட்டுகளில் பெரும்பாலும் அது 23.976 ஆகப் பதிவாகியிருக்கும். 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சித் தரத்தை வகுத்தபோது ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். அதன் மிச்சம் இது. இந்தப் படத்தை 60 ஹெர்ட்ஸில் இருக்கும் திரையில் ஓட்டினால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகக் காட்டப்பட்டு, கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் படம் இழுத்து இழுத்து நகரும். திரையைச் சரியாக 24 ஹெர்ட்ஸில் வைத்தாலும் போதாது. அப்போதும் ஏறக்குறைய 42 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு தடுக்கல் விழும். 2011இல் வந்த இன்டெல்லின் இரண்டாம் தலைமுறைச் செயலிகளில் இந்தக் குறை இருந்தது. என் கணினி மிகச் சரியாக 23.976 தருகிறது. கோடியில் படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. நிறுவும்போது அது அணைந்திருக்கும், நாம்தான் தேடிப்போய் இயக்க வேண்டும். அதை இயக்கிய அன்று, பல முறை பார்த்த ஒரு படத்தில் கேமரா ஒரு சமவெளியை இடமிருந்து வலமாகக் கடக்கும் காட்சி தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. அந்தக் காட்சியை மட்டும் நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். படத்தின் தரத்தில் இன்றுவரை எனக்கு இந்தக் கணினியிடம் ஒரு குறையும் இல்லை.

இத்தனை நல்லதையும் மாலைதோறும் கெடுக்கும் ஒன்று இருக்கிறது. இந்தக் கணினி தன் திரையை மறந்துவிடுகிறது.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் பத்தொன்பது முனைகள் உள்ளன. பத்தொன்பதாவது முனையின் வழியாகத்தான் எதிர்ப்பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது என்பது கணினிக்குத் தெரிகிறது. தெரிந்ததும் அது பதினைந்தாவது, பதினாறாவது முனைகளின் வழியாக அந்தத் திரையின் அடையாளக் குறிப்பை, அதாவது எடிட் (EDID) என்று சொல்லப்படும் தரவை, வாசிக்கிறது. பெரும்பாலும் 256 பைட்டுகளே கொண்ட அந்தக் குறிப்பில்தான் திரை எந்தெந்தத் தெளிவுத்திறனை ஏற்கும், எந்த வீதங்களை ஏற்கும், எந்த ஒலி வடிவங்களை ஏற்கும் என்பதெல்லாம் இருக்கும். கணினியும் தொலைக்காட்சியும் நேராக இணைந்திருந்தால் இது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். படத்தைத் தொலைக்காட்சிக்கும் ஒலியை ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்தனுப்பும் ஏ.வி. ரிசீவர் ஒன்று நடுவில் வந்ததும், அது தொலைக்காட்சியின் குறிப்பையும் தன் ஒலித் திறன்களையும் கலந்து தானே ஒரு குறிப்பை எழுதிக் கணினியிடம் நீட்டுகிறது. தொலைக்காட்சி அணைந்திருக்கும்போது என் ரிசீவர் என்ன நீட்டும் என்பதை ஆறு ஆண்டுகளில் என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. சில நாள் பழைய குறிப்பையே தருகிறது. சில நாள் ஒன்றுமே தருவதில்லை. அப்போது கணினி திரை இல்லை என்று முடிவு கட்டி 1024க்கு 768 என்ற பழங்காலத் தெளிவுத்திறனுக்கு இறங்கிவிடுகிறது. திரை போனால் அதனோடு எச்.டி.எம்.ஐ. ஒலிச் சாதனமும் பட்டியலிலிருந்து போய்விடும். ஆகவே படம் எப்படியோ திரும்பி வந்த பிறகும் ஒலி வராது.

தொலைக்காட்சி, ரிசீவர், கணினி என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி இடைவெளி விட்டு இயக்கினால் எல்லாம் சரியாக வரும். எனக்கு இது பழகிவிட்டது. என் அம்மாவுக்கு ஏன் பழக வேண்டும்? நான் வேலையில் இருக்கும்போது அவர் அழைத்து, "திரையில ஒண்ணும் வரலப்பா, நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்ட மாலைகளை எண்ணினால் இந்தக் கணினியின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் அப்படியே வடிந்துவிடுகிறது. அவர் எதையும் தவறாக அழுத்தவில்லை. வெறும் 256 பைட் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு பெட்டியை அவருடைய கையில் கொடுத்தவன் நான்.

தீர்வுகளைத் தேடாமல் இல்லை. முதலில் கேபிளைத்தான் சந்தேகித்தேன். இரண்டு முறை மாற்றியும் பலன் இல்லை. பிறகு ரிசீவரை விலக்கி, கணினியைத் தொலைக்காட்சியோடு நேராக இணைத்து, ஒலியை, தொலைக்காட்சியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி வழியாக ரிசீவருக்குத் திருப்பிப் பார்த்தேன். மறதி வெகுவாகக் குறைந்தது. ஆனால் பழைய ஏ.ஆர்.சி.யில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பற்ற ஒலிகள் போகாது. அதற்கு 2017இல் எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் வந்த இ-ஏ.ஆர்.சி. வேண்டும், அது என் சாதனங்கள் இரண்டிலும் இல்லை. ஒலிக்காகவே ரிசீவர் வாங்கிய எனக்கு அந்த இழப்பை இரண்டு மாதங்களுக்கு மேல் தாங்க முடியவில்லை. மூன்றாவது வழி, எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நேரத்தில் அந்தக் குறிப்பைப் படியெடுத்துக் கோப்பாகச் சேமித்து, இனிமேல் கேபிளில் என்ன வந்தாலும் இதையே நம்பு என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்லிவிடுவது. லிப்ரெஎலெக்கில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. செய்தேன். ஓராண்டுக்கும் மேலாக ஒரு மாலைகூடப் படம் வராமல் போகவில்லை. அந்த ஓராண்டில் யாராவது கேட்டிருந்தால் இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு தொலைக்காட்சிக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. அது அந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் உயர்தர சிக்னல் அமைப்பை எங்களைக் கேட்காமலே அணைத்துவிட்டது. தொலைக்காட்சி தன்னால் இப்போது இவ்வளவுதான் முடியும் என்று புதிய குறிப்பைக் காட்டிக்கொண்டிருக்க, கணினியோ நான் கொடுத்த பழைய குறிப்பை நம்பி 60 ஹெர்ட்ஸ் 4கே படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. திரை முழுக் கறுப்பு. இம்முறை என் வரிசையும் உதவவில்லை, ஏனென்றால் கணினியின் காதை அடைத்து வைத்தது நான்தான். காரணம் விளங்க இரண்டு இரவுகள் ஆயின. முதல் இரவில் மதர்போர்டே போய்விட்டது என்று நினைத்து, பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் பரப்பிவிட்டேன்.

நியாயமாகச் சொன்னால், இதில் பிழை கணினியுடையது என்பதைவிட மூன்று சாதனங்களுக்கு நடுவில் இருக்கும் பேச்சுவார்த்தையுடையது. கணினியின் கிராஃபிக்ஸ் வெளியீடுகளில் சி.இ.சி. வசதி பொதுவாக இருப்பதில்லை என்பதும் இதோடு சேர்கிறது. பதின்மூன்றாவது முனையில் ஓடும் அந்த வசதி இருந்தால் தொலைக்காட்சியை இயக்கும்போதே மற்றவையும் விழித்துக்கொள்ளும், ஒரே ரிமோட் போதும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகளில் அது இயல்பாகவே இருக்கிறது. கணினிக்குத் தனியாக யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கிப் பொருத்த வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று: வயர்லெஸ் விசைப்பலகையின் ரிசீவரை யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அந்தப் போர்ட்டிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று 2012இலேயே இன்டெல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஓரடி நீளமுள்ள நீட்டிப்புக் கேபிள் போட்ட அன்றே என் விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது.

நண்பருக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பது. அவருடைய வீட்டிலும் பகலில் பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு 23.976 தேவையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வர வேண்டும், அதற்குச் சி.இ.சி. உள்ள சிறிய பெட்டி ஒன்று போதும். என் கணினியையோ புதிய விசிறியோடு பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், அன்றிரவே ஒரு படமும் பார்த்தேன். அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியும் அசெம்பிள் செய்தே தீருவேன் என்று அவர் சொன்னதால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். செயலியையும் பெட்டியையும் தேடுவதற்கு முன்னால், வாங்க நினைக்கும் ரிசீவரைத் திருப்பித் தரக்கூடிய வகையில் வரவழைத்து, கையில் இருக்கும் ஏதாவதொரு கணினியை அதோடு இணைக்க வேண்டும். தொலைக்காட்சி அணைந்திருக்கும்போது கணினியை இயக்கி, ஐந்து நிமிடம் கழித்துத் தொலைக்காட்சியை இயக்கிப் பார்க்க வேண்டும். படமும் ஒலியும் சேர்ந்து வந்தால், திருப்பித் தரும் கெடு முடியும்வரை நாள்தோறும் அதையே செய்து பார்க்க வேண்டும், வீட்டில் உள்ள பெரியவர்களின் கையால்.