பழைய வட்டு வேகமும் தொலைத்தொடர்புத் தட வேகமும்: ஓர் அலகு மாற்றியின் மதிப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு, பழைய கணினிகளில் முடங்கிக் கிடக்கும் தரவுகளை எடுத்துப் புதிய இடத்துக்கு மாற்றித் தரும் வேலையைச் செய்து வருகிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்கூடங்களின் கணக்குகள் அடங்கிய ஐடிஇ (பழைய மேசைக்கணினிகளின் வட்டு இணைப்பு முறை) வட்டுகளும், நகரத்து ஸ்கேன் மையங்கள் அடுக்கி வைத்திருக்கும் குறுந்தகடுகளும், எப்போதாவது ஒரு ஸ்கஸி (பெரும்பாலும் சர்வர்களில் இருந்த இணைப்பு முறை) வட்டும் என்னிடம் வரும். கொண்டு வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான். அதற்கு விடை சொல்ல உலாவியில் கட்டணமின்றி இயங்கும் தரவு வேக மாற்றி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதன் குறைகளில் பல இவ்வகைக் கருவிகளுக்குப் பொதுவானவை என்பதால் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

இந்த மாற்றியின் பெரிய பலம் அதன் பட்டியல். வெறும் மெகாபிட், மெகாபைட் என்று நின்றுவிடாமல், முதல் தலைமுறை ஸ்கஸியின் நொடிக்கு 5 மெகாபைட்டிலிருந்து அல்ட்ரா-320 வரையிலும், ஐடிஇ வட்டுகளின் 33, 66, 100, 133 மெகாபைட் நிலைகளையும் ஒரு பக்கம் தருகிறது. மறுபக்கம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரும் இணைப்புகளான 64 கிலோபிட் குரல் தடம் (ஒரு தொலைபேசி அழைப்புக்கு உரியது), நம் நாட்டில் வழங்கும் 2.048 மெகாபிட் இ1, அமெரிக்காவின் 1.544 மெகாபிட் டி1, 155.52 மெகாபிட் எஸ்டிஎம்-1 என எல்லாம் பெயருடனேயே இருக்கின்றன. ஒரு பைட் எட்டுப் பிட்டுகள் என்பதால், 100 மெகாபைட் ஐடிஇ இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் அது 800 மெகாபிட் என்றும், எஸ்டிஎம்-4 தடத்தின் 622.08 மெகாபிட்டைவிட அதிகம் என்றும் உடனே காட்டுகிறது. அது இணைப்பின் உச்சவரம்பு என்பதையும், உள்ளே சுழலும் பழைய வட்டு அந்த வேகத்தில் தொடர்ந்து வாசிக்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பிட்டையும் பைட்டையும் குழப்பாமல் பிரித்துக் காட்டுவதில் கருவி மிகக் கவனமாக இருக்கிறது. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர், "லைன் ரெண்டு எம்பிதானே சார், நாப்பது ஜிபி டிஸ்க் ஆறு மணி நேரத்துல போயிடாதா?" என்று கேட்டார். அவர் கணக்கில் தவறில்லை: நொடிக்கு 2 மெகாபைட் என்றால் 20,000 நொடி, ஐந்தரை மணி நேரம்தான். ஆனால் வட்டு விற்பவர் பைட்டில் எண்ணுகிறார். தடம் தருபவர் பிட்டில் எண்ணுகிறார். 2.048 மெகாபிட் தடத்தில் அதே வட்டுக்கு 1,56,250 நொடிகள், அதாவது 43 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். திரையில் இரண்டு எண்களையும் அருகருகே பார்த்ததும், அவர் தடத்தை விட்டுவிட்டு வட்டையே நேரில் எடுத்துச் செல்வதாக முடிவு செய்தார்.

சறுக்கல் தொடங்கும் இடம், கிலோ என்பதை 1000 எனக் கொள்வதா, 1024 எனக் கொள்வதா என்ற தேர்வு. கருவி இதற்கு ஒரே ஒரு பொத்தானை வைத்து, அதை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பொருத்துகிறது. குறுந்தகட்டின் ஒருமடங்கு வேகம் 150 கிலோபைட் என்பது 1024இன் கணக்கு. நொடிக்கு 75 பிரிவுகள், பிரிவுக்கு 2,048 பைட்டுகள் என்பதால் 1,53,600 பைட்டுகள், அதாவது 12,28,800 பிட்டுகள் வர வேண்டும். பொத்தான் 1000இல் இருக்கும்போது 12,00,000 என்று குறைத்துக் காட்டுகிறது. சரி செய்ய 1024க்கு மாற்றினால், குறுந்தகடு சரியாகி, இ1 தடம் 21,47,483 பிட்டாக வீங்கிவிடுகிறது. தொலைத்தொடர்பில் கிலோ எப்போதும் ஆயிரம்தான். 64 கிலோபிட் என்றால் நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட்டுகள், ஆக மொத்தம் 64,000. சேமிப்பு உலகில்தான் வழக்கம் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. 1.44 எம்பி என்று அச்சிட்ட நெகிழ்வட்டில் உண்மையில் இருப்பவை 14,74,560 பைட்டுகள். ஆயிரமும் ஆயிரத்து இருபத்து நான்கும் பெருக்கி வந்த கலப்படக் கணக்கு அது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024இன் கணக்குக்கு மட்டும் கிபி, மெபி என்ற தனி முன்னொட்டுகளை வகுத்தது. அவற்றைக் கருவி தனி அலகுகளாகச் சேர்த்தால் பொத்தானே வேண்டியதில்லை.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. தடத்தில் ஓடும் மொத்தப் பிட்டுகளையும் அவற்றில் நம் தரவுக்குக் கிடைக்கும் பங்கையும் கருவி ஒன்றாகவே பார்க்கிறது. ஐடிஇக்கு அடுத்து வந்த வட்டு இணைப்பான சாட்டாவின் முதல் தலைமுறைக்குரிய 1.5 ஜிகாபிட்டை எட்டால் வகுத்து 187.5 மெகாபைட் என்று சொல்கிறது. அங்கே ஒவ்வொரு பைட்டும் பத்துப் பிட்டுகளாகக் குறியாக்கப்பட்டே செல்வதால் சரியான விடை 150. இ1 தடத்திலும், பிட்டுகளைச் சட்டகம் என்ற தொகுதிகளாக அமைத்துப் பயன்படுத்தும்போது, 64 கிலோபிட் கொண்ட 32 நேரத்துளைகளில் (பங்குகளில்) முதலாவது, இரு முனைகளின் ஒத்திசைவுக்குப் போய்விடுகிறது. தரவுக்கு மிஞ்சுவது 1.984 மெகாபிட். எஸ்டிஎம்-1 சட்டகத்தின் 270 நெடுவரிசைகளில் சரக்குக்கு உரியவை 261. அதிலும் பாதைக் குறிப்புகளுக்கு ஒன்று கழிந்தபின் 149.76 மெகாபிட்தான் மிஞ்சும். சாட்டாவில் மட்டும் விடை கால் பங்கு கூடிவிடுகிறது. வாடிக்கையாளருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் தொழிலில் அந்த அளவு பிழை சிறியதன்று.

பக்கம் விரைவாகத் திறக்கிறது. விளம்பரத் தொல்லை இல்லை. கைப்பேசியிலும் நன்றாகத் தெரிகிறது. தமிழ் இடைமுகம் இல்லை.

பெயர் மட்டும் தெரிந்து எண் தெரியாத பழைய தரநிலைகளை அடையாளம் காண இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பொத்தானை 1000இலேயே வைத்துக்கொள்ளுங்கள். குறுந்தகடு, சாட்டா இரண்டுக்கும் அதன் விடையை எடுக்காமல், மேலே தந்துள்ள எண்களை நேரடியாக உள்ளிட்டுக் கணக்கிடுங்கள். இ1 தடத்துக்கு 1.984 என்று இட்டால், அந்த நாற்பது ஜிபி வட்டுக்கு 44 மணி 48 நிமிடம் என்ற நேரம் வரும். நான் எழுதிக் கொடுப்பது அதைத்தான்.