திருகோணமலையிலிருந்து சென்னைக்கு: பலாலியா, கட்டுநாயக்காவா?

திருகோணமலைச் சீனக்குடாவிலேயே ஓடுபாதை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட தளம் அது. இன்றும் விமானப்படையின் கையில்தான் இருக்கிறது. சென்னைக்கு நேரே பறக்க அங்கே வழியில்லை. எங்களுக்குள்ள இரண்டு வாசல்கள், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமும் கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்கா விமான நிலையமும். இரண்டும் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளங்கள்தான். அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போக நான் பலாலியைத் தெரிந்தெடுத்தேன். அடுத்த முறையும் அதுதான்.

தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுநாயக்காவுக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. பலாலிக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா, பிறகு யாழ்ப்பாணம் போகும் ஏ-9 நெடுஞ்சாலை. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், அதை வைத்து முடிவெடுக்க ஏலாது.

என் முடிவுக்குக் காரணம் இரவுப் பயணம்தான். கட்டுநாயக்காவில் நான் தேடிய நாட்களில் மலிவான டிக்கெட்டெல்லாம் நள்ளிரவு, இல்லாவிட்டால் விடியற்காலை. மூன்று மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும். ஆகவே முதல் நாளே புறப்பட்டு, நீர்கொழும்பில் ஒரு அறை எடுக்க வேண்டும், அல்லது முழங்கால் வலிக்காரரை மண்டபத்துக் கதிரையில் இருத்தி விடிய வைக்க வேண்டும். திரும்பும்போதும் அப்படியே: நடுச்சாமத்தில் இறங்கினால் வேன்காரருக்குக் காத்திருப்புக் காசு. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு இதிலேயே போய்விடும்.

பலாலியில் நாங்கள் ஏறியது பிற்பகல் விமானம். விடிய வெளிக்கிட்டு, யாழ்ப்பாணத்தில் மத்தியானம் சாப்பிட்டு, பொழுதுபடச் சென்னையில் நின்றோம். சின்ன முனையம், படிவத்தில் சந்தேகம் வந்தபோது அம்மா தானே தமிழில் கேட்டார். ஏடிஆர் என்ற சின்ன விமானத்தின் வால் பக்கக் கதவோடு இறங்கும் படிகள் கொஞ்சம்தான், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து மற்றக் கையில் பையோடு ஏறிவிட்டார்.

1947இலேயே ஏர் சிலோன் விமான நிறுவனம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இந்தப் பலாலித் தளம்தான்) வழியாகச் சென்னைக்குப் பறந்தது. போர் அந்த வழியை அடைத்தது. பலாலியை 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தும், கொவிட்டில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி சேவை தொடங்கியது. இந்த வழி மறுபடி மூடக்கூடாது. அதற்கு எங்கள் ஆட்கள் அதில் ஏற வேண்டும்.

மாரி மழையில் நான் பலாலியால் போனதில்லை, திருச்சி விமானத்திலும் ஏறியதில்லை. பொதி கூட என்றால், சென்னையிலிருந்து அன்றே வேறு நாட்டுக்கு மாற வேண்டுமென்றால், கட்டுநாயக்காதான் வசதி. ஒன்று தவறினால் இன்னொரு விமானம் கிடைக்கும். பலாலியில் அந்த வசதி குறைவு. வைத்தியசாலையில் திகதி குறித்திருந்தால் ஒரு நாள் முந்தியே டிக்கெட் போடுங்கள்.