பாயிண்ட்டைக் கழற்றி ஏழு வருடம்: என் புல்லட்டில் எலக்ட்ரானிக் இக்னிஷன்

என்னிடம் இருப்பது 1994 மாடல் புல்லட் 350. காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது பக்கக் கியர். 2018 தொடக்கத்தில் பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவழைக்கும் சுவிட்ச்) பிளேட்டைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை ஒரு மின்னணுப் பெட்டி செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டினேன். அதற்குப் பிறகு 41,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இன்று வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் முதல் ஒன்றரை வருடம் படாத பாடு பட்டேன். இதே கிட்டை மாட்டிவிட்டு "பெட்டி சரியில்லை" என்று கழற்றிப் போட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஏன் மாற்றினேன் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாயிண்ட்டின் ஃபைபர் கால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், பின்தங்கும். 0.35 மில்லிமீட்டர் வைத்து முடித்த கையோடு வண்டி பறக்கும். இரண்டு மாதத்தில் மேட்டில் திணறும். பாயிண்ட் தீயாமல் காக்கும் கண்டென்சரும் தொல்லைதான்: கடைசியாக நான் வாங்கிய மூன்றில் இரண்டு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

மாட்டுவது அரை நாள் வேலை. வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னால் நகர்த்தும் ஆட்டோ அட்வான்ஸ் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காந்த ரோட்டர், அதன் மேல் ரோட்டர் சுற்றுவதை உணர்ந்து பெட்டிக்குச் சொல்லும் பிக்அப் காயில் பிளேட், டேங்குக்கு அடியில் பெட்டி. டிகிரி டிஸ்க் வைத்து ஸ்ட்ரோப் லைட்டில் டைமிங் பார்த்தோம். மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை.

பிறகு ஒருநாள் காலையில் கிக்கர் திருப்பி அடித்தது. கெண்டைக்கால் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது அடிக்கும், அதுவும் காலை முதல் கிக்கில்தான். டைமிங் முன்னால் இருக்கிறது என்று ஒரு மெக்கானிக் பின்னால் தள்ளி வைத்தார். அடிப்பது நிற்கவில்லை, வண்டி இழுப்பதுதான் போனது. பெட்டி போய்விட்டது, புதிது வாங்கு என்றார் இன்னொருவர். வாங்கவும் இருந்தேன்.

எங்கள் ஊர் நாமக்கல். லாரி பாடி கட்டும் ஊர் என்பதால் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் பஞ்சமில்லை. லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். "பேட்டரியில 12.6 இருக்குண்ணே" என்றேன். "பேட்டரியில இருக்குறது கிடக்கட்டும் தம்பி, பெட்டிக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னு பாரு" என்றார்.

சாவியைப் போட்டுப் பெட்டியின் ஒயரில் மீட்டரை வைத்தோம். 10.8 வோல்ட். வழியில் 1.8 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போனதில் இக்னிஷன் சுவிட்சில் மட்டும் 0.9, பியூஸ் ஹோல்டரில் 0.4, மிச்சம் கில் சுவிட்சிலும் பச்சை பூத்த கனெக்டர்களிலும். இருபத்து நான்கு வருடப் பழைய ஒயரிங், வேறு எப்படி இருக்கும்?

பாயிண்ட்டில் வோல்டேஜ் குறைந்தால் ஸ்பார்க் பலவீனமாகும், அவ்வளவுதான். எப்போது ஸ்பார்க் வர வேண்டும் என்பதை அங்கே இன்ஜினோடு சுழன்று பாயிண்ட்டைத் திறக்கும் கேம்தான் முடிவு செய்கிறது. எலக்ட்ரானிக் கிட்டில் அதை முடிவு செய்வது பெட்டி. வோல்டேஜ் சரிந்தால் என் பெட்டி தடுமாறி முன்கூட்டியே ஸ்பார்க் விட்டது. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்தால் கிக்கர் காலைத்தான் அடிக்கும்.

அண்ணன் ஒரு சாதாரண ரிலே (சிறு கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டுக் கொடுத்தார். பழைய சுவிட்சின் வேலை இப்போது 85, 86 பின்களுக்குக் கரண்ட் கொடுத்து ரிலேயை இழுக்க வைப்பது மட்டும். பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக நேராக ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு, அங்கிருந்து 87 வழியாகப் பெட்டிக்கு. எர்த்தை பெயிண்ட் அடித்த ஃபிரேமில் கொடுக்காமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனோம். பெட்டியில் இப்போது 12.4. அன்றிலிருந்து ஒரு முறைகூடக் கிக்கர் திருப்பி அடிக்கவில்லை. கிட் மாட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

இரண்டாவது கோளாறு கொல்லிமலையில். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில், சாவியைத் திருப்பினாற்போல் இன்ஜின் நின்றது. பெட்ரோல் வருகிறது, பிளக்கில் ஸ்பார்க் இல்லை. இருபது நிமிடம் ஆறவிட்டு உதைத்தால் முதல் கிக்கில் ஸ்டார்ட். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடினால் பிக்அப்பைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்தபோது பிக்அப் காயில் 132 ஓம் காட்டியது. ஹேர் டிரையரால் அந்த ஒயரைச் சூடாக்கி லேசாக வளைத்தேன், ரீடிங் அப்படியே போய்விட்டது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. மெல்லிய இழைகள் கொண்ட சிலிகான் ஒயரைச் சால்டர் செய்து, அதிர்வு தாங்க ஒரு சின்ன வளையம் விட்டுக் கட்டினேன். அதன் பிறகு கொல்லிமலைக்கு நாலு தடவை போய் வந்துவிட்டேன், எங்கும் நிற்கவில்லை.

வேகத்தில் அவ்வப்போது வந்த மிஸ்ஸிங் மட்டும் சுலபமாகத் தீர்ந்தது. பிளக் கேப் ரெசிஸ்டர் இல்லாத ரகம், அதிலிருந்து எழுந்த மின் இரைச்சல் பெட்டியைக் குழப்பியது. 5 கிலோ ஓம் கேப் மாற்றியதும் போனது.

ஒரு இழப்பு உண்டு. பாயிண்ட் இருந்தபோது கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டர் முள் மைனஸுக்குப் போய், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி உதைத்தால் போதும். இப்போது முள் அசைவதில்லை. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகாம்ப் லிவரைப் பிடித்துக்கொண்டு காலால் உணர்ந்துதான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரி இறங்கிப்போனாலும் சிரமம்தான். முன்பு அந்த நிலையில் தள்ளி ஸ்டார்ட் செய்து வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். இதில் முயன்று பார்த்தேன், நடக்கவில்லை.

அதனால் பழைய பாயிண்ட் பிளேட், அட்வான்ஸ் வெயிட், கண்டென்சர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் எல்லாம் டூல் பாக்ஸில் ஒரு துணிப் பையில் இருக்கின்றன. பெட்டியை விட்டுவிட்டு ரிலேயின் 87-லிருந்து நேராக இக்னிஷன் காயிலுக்கு ஒரு ஒயர், காயில் மைனஸிலிருந்து பாயிண்ட்டுக்கு ஒன்று, இரண்டையும் அளவு வெட்டி முனை போட்டு வைத்திருக்கிறேன். வீட்டு வாசலில் ஒருமுறை மாற்றிப் பார்த்தேன், முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ரோட்டில் அந்தப் பையை இதுவரை பிரிக்கவில்லை.