மினி கூப்பர் எஸ்: ஏழு ஆண்டுப் பந்தயமும் எஞ்சின் சூடும்

1965ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ் ஒன்றை இங்கிலாந்தில் நடக்கும் பழைய கார்ப் பந்தயங்களில் ஏழு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதன் 1275 சிசி எஞ்சினின் திறனைக் கூட்டுவது எளிது. கூட்டிய பிறகு அதைச் சூடேறாமல் வைத்திருப்பதுதான் கடினம்.

சிக்கலின் வேர் காரின் அமைப்பிலேயே இருக்கிறது. 1959இல் வெளிவந்த மினியில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்தார். எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் முகப்பில் இல்லாமல், இடப்பக்கச் சக்கர வளைவை ஒட்டி நிற்கிறது. எஞ்சின் அறையில் ஏற்கெனவே சூடாகிவிட்ட காற்றைத்தான் ஃபேன் அதன் வழியே வெளியே தள்ளுகிறது. போதாததற்கு, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் இரண்டின் சூடும் அதில் சேர்கிறது.

முதல் ஆண்டு பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் நான்காவது சுற்றிலேயே வெப்பமானியின் முள் 105 டிகிரியைத் தாண்டியது. பெரிய ரேடியேட்டரை வாங்கிப் பொருத்தினேன். மூன்று டிகிரிதான் குறைந்தது. அதைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. ரேடியேட்டருக்கும் சக்கர வளைவுத் தகட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய நுரைப் பட்டை காய்ந்து, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. விரல் நுழையும் அந்த இடைவெளி வழியாக, வெளியே போக வேண்டிய சூடான காற்று மீண்டும் எஞ்சின் அறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. புதிய பட்டையை ஒட்டி, ஃபேனைச் சுற்றியுள்ள உறையின் விளிம்புகளையும் அடைத்த பிறகு, அடுத்த பந்தயம் முழுவதும் முள் 92ஐத் தாண்டவில்லை. காற்று போகும் வழியைச் சரிசெய்யாமல் ரேடியேட்டரை மாற்றுவது பணத்தை வீணாக்குவதே என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் ஆண்டில் ஒரு பணிமனையில், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். தண்ணீர் தடையின்றி ஓடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் ஓரளவு தடை இருந்தால்தான், சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியான ஹெட்டுக்குள் தண்ணீரின் அழுத்தம் நிலைக்கும். நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே புகைவாயில்கள் உள்ள இந்த ஹெட்டில், நடுச் சிலிண்டர்கள் இரண்டும் ஒரே வாயிலைப் பகிர்வதால் அங்கு வெப்பம் மிக அதிகம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் கொதித்து ஆவிக்குமிழ்களாகும். இதற்கென விற்கப்படும் உலோக வளையத்தைப் பொருத்திய பின் அந்தத் தொல்லை இல்லை.

சிலிண்டர்கள் அமைந்த இரும்புப் பகுதியான பிளாக்கின் பக்கவாட்டு அடைப்புத் தகடுகளை மூன்றாம் ஆண்டில் கழற்றியபோது, பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிக் களிமண் போல இறுகிய துருச்சேறு கிடந்தது. வளைந்த கம்பியால் அரை நாள் சுரண்டி எடுத்தேன். பழைய இரும்பு பிளாக்கை வாங்குபவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

உறையாமல் காக்கும் கிளைகால் கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) களத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பல களங்களில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே துருத்தடுப்பு மருந்து கலந்த தண்ணீரையே ஊற்றுகிறேன். 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை தாங்கும் ரேடியேட்டர் மூடி இருந்தால் அது ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. குளிர்காலத்தில் மட்டும் அதை முழுவதும் வடித்துவிட வேண்டும். உறைந்தால் பிளாக் வெடித்துவிடும்.

ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் இடையிலுள்ள குட்டையான பைபாஸ் (ரேடியேட்டரைத் தவிர்த்துத் தண்ணீர் சுற்றும் வழி) ரப்பர் குழாயை, கை நுழையாத இடம் என்று பாராமல், ஆண்டுதோறும் மாற்றி வருகிறேன்.