பறக்கும் கிளாம்பா, நிலையான கிளாம்பா?

சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டத் தொடங்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் வரும் குழப்பம் இது. இழுத்த நரம்பு தளராமல் பிடித்து வைக்கும் இடுக்கிதான் கிளாம்ப்.

விலை: பறக்கும் கிளாம்ப் மலிவு, தண்டில் உள்ள எடையால் நரம்பை இழுக்கும் எடைத்தண்டு வகை இயந்திரங்களோடு பெரும்பாலும் அதுவே வரும். நிலையானதற்குக் கூடுதல் ரிங்கிட் ஒதுக்க வேண்டும்.

இறுக்கம்: பறக்கும் கிளாம்ப் பக்கத்து நரம்பையே பிடித்து நிற்பதால், இழுவிசையை விட்டதும் சற்றுச் சாய்ந்து இறுக்கத்தை இழக்கிறது. நிலையானது, மட்டையைப் பொருத்தும் மேடையோடு பூட்டிக்கொள்ளும், அசைவு குறைவு.

பராமரிப்பு: முடிவை இதை வைத்தே எடுங்கள். இரண்டிலுமே நரம்பைக் கடித்துப் பிடிக்கும் பற்களில் நரம்பின் பூச்சு படியும். பழைய பல்துலக்கியை ஆல்கஹாலில் நனைத்துத் தேயுங்கள். பற்களில் எண்ணெய் படவே கூடாது. நரம்பு வழுக்கினால் முதலில் சுத்தம், பிறகுதான் பிடியைச் சரிசெய்யும் திருகு. கிளாம்பைத் திறந்த நிலையில் திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி, வழுக்கல் நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பல் தடம் விழுந்து நரம்பு நசுங்கும். 1.30 மி.மீ. தடிமன் நரம்பிலிருந்து 1.20-க்கு மாறும்போதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நிலையானதில் வேலை இன்னும் ஒன்று: அடிப்பூட்டும் அது நகரும் தடமும். அங்கே பிசுக்கு சேர்ந்தால் பற்கள் எவ்வளவு இறுகப் பிடித்தும் பயனில்லை, கிளாம்பே நகர்ந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் துருவையும் கவனியுங்கள்.

சொந்த மட்டைக்கு மட்டும் என்றால் பராமரிப்பு குறைவான பறக்கும் கிளாம்ப் தாராளமாகப் போதும். பிறர் மட்டையைக் காசு வாங்கிக் கட்டுகிறவர், இந்தக் கூடுதல் வேலை இருந்தாலும், அசைவு குறைந்த நிலையானதையே வாங்க வேண்டும்.