ஜவுளிக் கடை சர்வர்: நாலு வருடக் கதை

ஈரோட்டில் எங்களுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். பில், ஸ்டாக், பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். 2021-இல் டவர் சர்வர் வாங்கியபோது 16 கோர் ப்ராசஸருக்குக் காசைக் கொட்டிவிட்டு, டிஸ்க்கில் கஞ்சத்தனம் பார்த்தேன். லேப்டாப்பில் போடுகிற மலிவு எஸ்எஸ்டி இரண்டு.

ஆறே மாதம். திங்கள் இரவு சந்தை கூடும் நேரத்தில் பத்துப் பேர் பில் போட்டால் திரை அப்படியே நிற்கும். ப்ராசஸரைப் பார்த்தால் முக்கால்வாசி கோர் சும்மா கிடக்கிறது. எங்கள் மென்பொருள் பில்லின் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கமிட் (‘இதை நிரந்தரமாகப் பதிந்துவிடு’ என்ற உத்தரவு) போடுகிற ரகம். மொத்த பில்லில் 80 வரி சாதாரணம். ஒவ்வொரு கமிட்டுக்கும், டிஸ்க்கில் நிலையாகப் பதிந்ததா என்று போஸ்ட்கிரெஸ் காத்திருக்கும். மலிவு எஸ்எஸ்டி ஃப்ளாஷ் சில்லுவரை எழுதி முடித்த பிறகே ‘ஆச்சு’ என்று சொல்ல முடியும். சர்வருக்கென்று வருவதில் கரன்ட் போனாலும் தாக்குப்பிடிக்கக் கெப்பாசிட்டர் இருப்பதால், உள்ளே இருக்கும் கேஷுக்கு (தற்காலிக நினைவகம்) வந்ததுமே பதில் சொல்லிவிடும். இப்படி டிஸ்க்கில் நிலையாகப் பதியவைப்பதற்கு எஃப்சிங்க் என்று பெயர். அதை விநாடிக்கு எத்தனை முறை செய்ய முடிகிறது என்று அளக்கும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை ஓட்டினேன். பழையது விநாடிக்கு 100-ஐத் தொடவே திணறியது. மாற்றிப் போட்ட சர்வர் வகை எஸ்எஸ்டி பல ஆயிரம்.

எஃப்சிங்க்கை அணைத்துவிட்டால் பைசா செலவில்லாமல் வேகம் வரும் என்றார் ஒருவர். வரும்தான். ஒரு மின்தடையில் டேட்டாபேஸே குலைந்தும் போகலாம். வேண்டாம் சாமி.

ரேம் 64 ஜிபி, பிழை திருத்தும் இசிசி வகை. டேட்டாபேஸ் 30 ஜிபிதான் என்பதால் படிக்கிற வேலைக்கு டிஸ்க்கையே அதிகம் தொடுவதில்லை. அது மட்டும் அன்றே சரியாக எடுத்த முடிவு.

மூன்றாம் வருடம் ஒரு டிஸ்க் செத்தது. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு 1 இருந்ததால் கடை நிற்கவில்லை. ஆனால் பையன் ஒருவன் விலைப்பட்டியலைத் தவறி அழித்தபோது, அதே ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சமர்த்தாக அழித்துவிட்டது. காப்பாற்றியது இரவு பேக்கப்.

யுபிஎஸ் இருந்தது. அதிலிருந்து சர்வருக்கு வரும் யுஎஸ்பி கேபிளை மாட்டவே இல்லை என்பது, பேட்டரி தீர்ந்து சர்வர் பொத்தென்று அணைந்த அன்றுதான் தெரிந்தது! இப்போது சார்ஜ் குறைந்தால் தானாகவே முறையாக அணைகிறது.

அப்புறம், துணிக்கடைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: பஞ்சுத் தூசி. மாதம் ஒருமுறை ப்ளோயர் பிடிக்காவிட்டால் ஃபேன் போடுகிற சத்தத்தில் வாடிக்கையாளர் சொல்கிற விலையே காதில் விழாது.