பிராகில் தெருவில் நிற்பவரிடம் பணம் மாற்றாதீர்கள்

செக் நாட்டின் தலைநகரான பிராகுக்குப் போகவிருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற மே மாதம் நானும் என் கணவரும் அங்கே போய் இறங்கிய முதல் மாலையிலேயே 200 யூரோவைப் பறிகொடுத்தோம்.

அறையில் பெட்டிகளை வைத்த கையோடு பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தோம். கல் பாவிய தெருக்கள், அந்திவெயிலில் டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், 1410-இல் நிறுவப்பட்ட வானியல் கடிகாரம். மணி அடிக்கும் நேரத்தில் ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது. மேலே இரண்டு சன்னல்கள் திறக்க, பன்னிரண்டு திருத்தூதர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து போகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான ஊரில் யாரையும் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது கோருனா. எங்களிடம் யூரோ மட்டுமே இருந்தது. பணம் மாற்றும் கடை ஒன்றில் 'கமிஷன் இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். விலையோ யூரோவுக்கு 18 கோருனாதான். தயங்கி நின்றபோது, நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இந்தக் கடையில் கொள்ளையடிப்பார்கள், நான் 25 தருகிறேன்" என்றார். வெளியில் உண்மையான விலையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் நம்பிவிட்டோம். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எங்களை எச்சரித்தவரே அவர்தானே! இரண்டு 2000 தாள்களும் ஒரு 1000 தாளும் என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து, காபிக் கடையில் இருந்த பெண் தாளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். அது ஹங்கேரியின் ஃபோரின்ட். மூன்று தாள்களும் சேர்த்து 13 யூரோகூடப் பெறாது. இரு நாட்டுத் தாள்களிலும் 1000, 2000 என்ற எண்கள் இருக்கின்றன; செக் பணத்தை முன்பின் பார்த்திராதவருக்கு வேறுபாடு தெரியாது. சிலருக்கு பெலாரஸின் பழைய ரூபிளைக் கொடுக்கிறார்களாம். 2016-இல் அங்கே புதுப் பணம் வந்துவிட்டதால், அது வெறும் காகிதம்.

காவலர்கள் பொறுமையாகக் கேட்டுப் புகாரை எழுதிக்கொண்டார்கள். பணம் திரும்பவில்லை. மறுநாள் சார்லஸ் பாலத்தில் 30 சிலைகளுக்கு நடுவே நடந்தபோது, வழி கேட்க நெருங்கிய ஒரு முதியவரைக் கண்டுகூட நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். பணம் மாற்றிய அந்த மனிதன் எங்களிடமிருந்து எடுத்துப்போனது பிறரை நம்பும் மனத்தையும்தான். என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலை எங்களுக்கு ரொக்கமே தேவைப்பட்டிருக்காது. பெரும்பாலான கடைகளில் வங்கி அட்டை போதும்; டிராமுக்குள்ளேயே அட்டையைக் காட்டி டிக்கெட் எடுக்கலாம். ஏடிஎம்மில் எடுத்தால், உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரை கேட்கும். மறுத்துவிட்டு கோருனாவிலேயே எடுங்கள். கையில் வாங்கும் ஒவ்வொரு தாளிலும் 'கோருன்' (KORUN) என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள்.

கடையில் மாற்றி ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். ரசீதைத் தொலைக்காமல் அதே கடைக்கு உடனே திரும்பிப் போங்கள். தெருவில் மாற்றியவர்களுக்கு அந்த வழியும் இல்லை.